பதினெட்டுக் குழாய்களும் வியாழக்கிழமைப் புளியும்

செந்தில்,

அன்றைக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், உன் அப்பா, உன்னோடு ஒரே மேசையில் மூன்று வருடம் ஆராய்ச்சி செய்த சேவியர், சேவியரின் அம்மா பிலோமினா. வேறு ஒருவரும் இல்லை. மாடிக்காரம்மா பால் சொம்போடு படியேறிப் போனார். எட்டிப் பார்த்தார், உள்ளே வரவில்லை. சுவரில் வடபழனியில் வாங்கிவந்த முருகன் படம் இருந்தது. அவனையும் சேர்த்தால் ஐந்து. இவ்வளவு கணக்காக ஏன் எழுதுகிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதைப் படித்ததும், அம்மாவுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் உனக்கு முதலில் தோன்றும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நான்கு பேரில் மற்ற மூவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை அன்றைக்கு நான் வாய் திறந்து சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தியாகராய நகர்த் துணிக்கடைக்கு விடுமுறை என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். சாந்தோமில் பூசை முடிந்த கையோடு, அந்த வெள்ளை வாயில் துணிப் புடவையை மாற்றாமல், பிலோமினா நேரே நடந்து வந்திருந்தாள். பின்னால் சேவியர். நான் காப்பி கலக்க எழுந்தேன். “காப்பியெல்லாம் அப்பறம் குடிக்கலாம்மா. மொதல்ல ஒரு வார்த்த கேட்டுக்கினு பூடறேன்,” என்றாள். “எம்புள்ள உங்க வூட்ல கையலம்பி சாப்ட்டவன். உங்க புள்ள எங்க வூட்டு மீன் கொழம்ப மோந்துகூடப் பாக்கமாட்டான், ஆனா அவனும் வந்து பாயில குந்திக்கினு பேசிட்டுப் போனவன்தான். அவன் இன்னாத்துக்கு இப்டி எழுதிக் குட்த்தான்? அத மட்டும் சொல்லு.”

அப்பா நாளிதழை மடித்து வைத்தார். “என்னத்த எழுதிக் குடுத்தான்? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அது அவுங்க காலேஜ் விவகாரம்.”

“வெவகாரமா? அட்த்த மாசம் மொத புதன்கெழம கமிட்டி குந்துதாம். பேர வெட்டிடுவாங்களாம். ஸ்காலர்ஷிப்பு நின்னு நாலு மாசம் ஆவுது. நல்லா சொன்னாரு, வெவகாரம்னு!”

“ம்மா, கத்தாத,” என்று சேவியர் அவள் தோளைத் தொட்டான். ஆள் பாதியாக இருந்தான். உனக்கு நினைவிருக்கும், முதல் முதலாக நம் வீட்டில் சாப்பிட்ட அன்று, “அம்மா, இந்தப் புளிக்குழம்புக்கு ஒரு டாக்டர் பட்டமே குடுக்கலாம்,” என்று விரலை நக்கினவன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். அப்பாவிடம் இல்லை, என்னிடம். “சண்டைக்கு வரலம்மா. செந்தில் பழைய நோட்டு ஏதாவது வீட்ல விட்டுட்டுப் போயிருந்தா பாக்கலாம்னு வந்தேன். அவன் அளவெல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்ற தேதி இதுதான். ஏழும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையா பாத்து நான் ஆசிட் பாட்டிலத் தொறந்து அவன் கண்ணாடிக் குழாய்ல கலந்தேன்னு எழுதியிருக்கான். அதுவும் வேணும்னே. வெள்ளிக்கிழமை ஆனா எனக்கு என்னம்மா, பேயா பிடிக்கும்?”

அந்தக் கடைசி வார்த்தைக்கு அப்பாகூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் வியாழக்கிழமை. வியாழக்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். காகிதத்தை இரண்டு தடவை படித்தேன், தேதிகளை மனதில் ஏற்றிக்கொண்டேன், மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். “நோட்டு எதுவும் இல்லப்பா. வேலைக்குப் போறப்ப எல்லாத்தையும் பம்பாய்க்குக் கொண்டுபோயிட்டான்,” என்றேன். அது உண்மைதான். உன் நோட்டு இல்லை. என் நோட்டு இருந்தது. பிலோமினா காப்பியைத் தொடாமலே எழுந்து போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, “உன் மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துக் கீது? நான் உன்ன ஒண்ணும் சொல்லலயேம்மா,” என்றாள். இதுவரை யாரும் என்னை இப்படி அடித்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் உன் பாடப் புத்தகங்களை, நீ பள்ளிக்கூடம் போன பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படித்தது. கையெழுத்து விட்டுப்போகக் கூடாது என்று தினமும் நோட்டில் எழுதத் தொடங்கினேன். மளிகைக் கணக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். அன்றன்றைக்கு வீட்டில் செய்த வேலையும் அதில் இருக்கும். கிணற்றில் எத்தனை வாளி இறைத்தேன், விளக்குக்கு எந்த எண்ணெய், யாருக்கு என்ன கஷாயம், எல்லாம். நீகூட ஒரு தடவை புரட்டிப் பார்த்து, “அம்மா, நீ லேப்ல இருந்திருக்கணும்,” என்று கேலி செய்தாய். அந்தக் கேலி எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய பெருமை அந்த இலைச்சாறு. ஒரு நண்பகலில், என் பூஜை அறைக் கதவைச் சாத்தி, சன்னல் ஓட்டை வழியாக ஒரு விரல் தடிமனுக்கு மட்டும் வெயில் வரும்படி செய்து, முருங்கைக்கீரையை ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டிய சாற்றை ஒரு குழாயில் கொண்டுவந்தாய். “என்ன நிறம்மா?” என்றாய். பச்சை என்றேன். வெயில் கீற்றுக்கு நேராகப் பிடித்து, என்னைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னாய். பச்சைக்குள்ளே இரத்தச் சிவப்பாக ஒன்று எரிந்தது. நான் கை கூப்பிவிட்டேன். நீ சிரிக்கவில்லை. “இலை வெளிச்சத்த வாங்கிக்குது. வாங்கினதும் சும்மா இருக்க முடியாது, துள்ளி ஒரு படி மேல ஏறிடும். ஒரு நொடிய கோடி பங்கு போட்டா அதுல ஒரு பங்கு நேரம்கூட அங்க நிக்க முடியாதும்மா. எறங்கியாகணும். எறங்கும்போது, வாங்கினதுல கொஞ்சத்த செவப்பா திருப்பிக் குடுத்துட்டு எறங்குது.” நான் சமையல்காரி, எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? “கீரைல புளி ஊத்தினா பச்சை செத்துப்போகுமே, அப்ப இந்தச் செவப்பும் செத்துப்போகுமா?” என்றேன். நீ என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். “அதுதாம்மா என் ஆராய்ச்சியே! அந்த நிறத்துக்கு நட்டநடுவுல மக்னீசியம்னு ஒண்ணு உக்காந்திருக்கு. புளிப்பு வந்தா அதப் பிடுங்கிப் போட்டுரும். அப்பறம் எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் பழைய மாதிரி திருப்பித் தர முடியாது. எத்தன சொட்டுக்கு எவ்வளவு மங்குதுன்னுதான் நான் அளக்கறேன். நீ என்னடான்னா ரசத்துக்குக் கரைக்கற மாதிரி ஒரே வரில சொல்லிட்ட.”

ஆகவே புளி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒரே வரியில் சொன்னேன் என்று நீயே மெச்சினாய்.

அந்தக் கோடையில் உன் கல்லூரியில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நம் கிணறும் அடி தட்டிவிட்டது. மாடி வீடு, பின்கட்டு, நாம் என்று மூன்று குடும்பத்துக்கும் முறை வைத்து இறைத்தோம். வியாழக்கிழமைதோறும் மாலையில் உன் பதினெட்டுக் கண்ணாடிக் குழாய்களையும் பிஸ்கட் டின்னில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாய். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, மூன்று தடவை அலசி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போவாய். முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். உள்ளே அடியில் பச்சையாக ஒரு வளையம் படிந்திருந்தது, போகவில்லை. தேங்காய் நாரைக் குச்சியில் சுற்றித் தேய்த்தேன். கீறல் விழுந்தது. அதற்கு நீ சேவியரையும் வைத்துக்கொண்டு என்னிடம் போட்ட சத்தம் எனக்கு மறக்கவில்லை. “இது கண்ணாடிம்மா, உன் குத்துவிளக்கு இல்ல! உனக்குப் புரியாத எடத்துல கை வைக்காத!” சேவியர்தான் குறுக்கே வந்தான். “விடு மச்சி. அம்மா கழுவலன்னா நீயா கழுவப்போற? உங்கையில குடுத்தா பதினெட்டு பதினாலா ஆயிடும்.” அவன் எனக்காகப் பேசினான். அதையும் குறித்துக்கொள்.

அடுத்த வியாழக்கிழமை, விளக்கும் பஞ்சபாத்திரமும் தேய்க்கப் புளி கரைத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு விளக்கு பளபளவென்று இருக்க வேண்டும், அது நான் ஏழு வயதிலிருந்து செய்யும் வேலை. உன் குழாய்களில் பச்சை வளையம் அப்படியே இருந்தது. நார் போடக் கூடாது. பித்தளையில் பச்சை பிடித்தால் எதைப் போடுவேனோ அதையே கை தானாக எடுத்தது. பதினெட்டிலும் புளித்தண்ணீரை ஊற்றி ஒரு நாழிகை ஊறவிட்டேன். வளையம் போய்விட்டது. கண்ணாடி கண்ணாடியாக இருந்தது. பிறகு மூன்று அலசல் வேண்டும். வாளியில் இருந்த தண்ணீர் அப்பா குளிக்க, சாமிக்கு, காலையில் சமைக்க. ஒரு அலசல் அலசிக் கவிழ்த்தேன். பாத்திரம் தேய்த்த புளி பாத்திரத்தை விட்டுப் போய்விடும் என்றுதான் என் கை நம்பியது. சட்டியில் ஊற்றுகிற புளிதான் கீரையைக் கொல்லும் என்று அதற்குத் தெரியும்; சட்டியைத் தேய்த்த புளியும் கொல்லும் என்று அது நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீ அந்தக் குழாய்களை வெயிலில் தூக்கிப் பார்த்து, “இப்பத்தாம்மா சுத்தம்!” என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த வாரமும் அதையே செய்தேன், அதற்கடுத்த வாரமும்.

இப்போது, நான் இத்தனை பக்கம் சுற்றிவந்தது எதற்காகவோ, அதைச் சொல்கிறேன். ஐந்தாவது தடவை புளி போட்டதற்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, நீ கல்லூரியிலிருந்து முகம் கறுத்து வந்தாய். ஒரு சொட்டு அமிலம் விடாத குழாயிலேயே சிவப்பு மங்கிக் கிடக்கிறது, எல்லாக் கணக்கும் நாசம் என்றாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்று கேட்டாய்: “அம்மா, குழாய் கழுவறதுல புளி கிளி ஏதாவது போட்டியா?” நான் இல்லை என்றேன்.

இல்லை என்றேன், செந்தில். யோசிக்காமல் சொன்னேன். புரியாத இடத்தில் கை வைத்துவிட்டேன் என்று இன்னொரு தடவை கேட்க என்னால் முடியவில்லை. அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று நீ நம்பினாய், திரும்பிப் போனாய். வீட்டில் தப்பில்லை என்று ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது மேசை. மேசையில் மிச்சம் இருப்பது சேவியர். அவனும் அமிலத்தைத்தான் கையாண்டான். உன் கண் அங்கே போக ஒரு நொடி போதும். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நான் புளியைத்தான் போட்டேன். நிறுத்தினால் நான் போட்டது தெரிந்துவிடும் என்று பயம். ஒரு பொய்யைக் காப்பாற்ற அதே தப்பைச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. நீ சேவியர்மேல் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாது என்பது சத்தியம். அன்றைக்கு பிலோமினா வந்து சொல்லித்தான் தெரியும். ஆனால் அவன் ஏன் திடீரென்று நம் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான் என்று உன்னை நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் என்னிடம்தான் வந்து முடியும் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் என் நோட்டை எடுத்துக்கொண்டு பூஜை அறையில் உட்கார்ந்தேன். சேவியர் காகிதத்தில் இருந்த ஏழு தேதிகளுக்கும் முந்தைய நாளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழிலும், என் கையெழுத்தில், ‘விளக்கு, பஞ்சபாத்திரம், குழாய் பதினெட்டு: புளி’ என்று இருந்தது. ஏழுக்கு ஏழு. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவன் பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய வியாழன் கிருத்திகை; நான் வடபழனி போய்விட்டேன், திரும்பி வர நேரமாகிவிட்டது, விளக்கும் தேய்க்கவில்லை, குழாயை வெறும் தண்ணீரில் நீயே அலசிக்கொண்டு போனாய். அந்த வெள்ளிக்கிழமை உன் அளவு சரியாக இருந்திருக்கிறது. இது என்னைவிட உனக்கு நன்றாகப் புரியும். அளவு எடுத்து முடித்ததும் நீ ஸ்பிரிட் விட்டு அலசுவாய், அதனால்தான் திங்கள் முதல் எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும், அம்மா கழுவியது என்று நம்பி நேரே சாற்றை ஊற்றியிருக்கிறாய்.

அப்படியும் என் மனம் தப்பிக்கப் பார்த்தது. தேதி பொருந்தினால் ஆகிவிட்டதா, இவ்வளவூண்டு புளி அவ்வளவு செய்யுமா என்றது. ஆகவே நீ செய்ததை நானும் செய்தேன். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கினேன். நீ விட்டுப்போன கீறல் விழுந்த குழாய்கள் இரண்டு இருந்தன. ஒன்றைப் புளியில் ஊறவைத்து ஒரு அலசல். மற்றொன்றை மூன்று அலசல், பிறகு ஸ்பிரிட்டிலும் ஒரு அலசல். ஒரே முருங்கைச் சாறு, இரண்டிலும் அடியில் ஒரு விரற்கடை. நண்பகல் வெயிலில், அதே சன்னல் ஓட்டை. சுத்தமான குழாயில் அந்தச் சிவப்பு அப்படியே எழுந்து எரிந்தது. புளிக் குழாயில் முதலில் எரிந்தது, கொஞ்ச நேரத்தில் சோர்ந்தது, பச்சையும் வெந்துபோன கீரை மாதிரி காக்கி நிறமாகத் திரும்பியது. மூன்று நாள் மூன்று தடவை செய்தேன். மூன்றும் நோட்டில் இருக்கிறது. முருகனுக்கு முன்னால் செய்தேன், அவன் என்னை ஏமாற்றவில்லை. எந்தக் குழாய் எது என்று சொல்லாமல் அப்பாவைக் கூப்பிட்டு, “எதுல செவப்பு ஜாஸ்தி?” என்று கேட்டேன். துணி நிறம் பார்த்துப் பழகிய கண். சட்டென்று காட்டினார். “இது சரக்கு. அது சாயம் போன சரக்கு. ஆமா, எதுக்குட்டி இதெல்லாம்?” என்றார்.

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய் உட்பட. அப்பா எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கு எதுவும் புடிச்சிருக்கா? பய இந்த மாசக் கடைசியில ஆராய்ச்சிய எழுதிக் குடுக்கணும். பட்டம் வந்தாத்தான் அங்கன வேலை நெலைக்கும். வேலை நெலைச்சாத்தான் பொண்ணு வீட்டுக்காரன் நாள் குறிப்பான். நீ போயி புளி கிளின்னு எடுத்து விட்டேன்னா மூணும் சேந்து உருண்டுரும். வாயப் பொத்திக்கிட்டு இரி.”

“அந்தப் பையன் பேரை வெட்டப்போறாங்கங்க.”

“அவன் படிச்சவன், வேற எங்கனயாவது பொழைச்சுக்கிடுவான்.”

“வேணும்னே கெடுத்தான்னு பேர் எழுதினப்புறம் எவன் லேப்புக்குள்ள விடுவான்?”

“அதுக்கு? எம்மவன கொண்டுபோயி நிறுத்தச் சொல்லுதியா?”

உன் அப்பா கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். கடையில் கத்தரிப்பூ நிறம் என்று ஒருத்தி புடவையை எடுத்தால், அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போவார், “வெயில்ல ஒருக்கா பாத்துருங்கம்மா, உள்ள லைட்டு வெளிச்சத்துல வேற மாதிரி தெரியும்,” என்பார். அதனால் எத்தனையோ வியாபாரம் கெட்டிருக்கிறது. அதை நினைத்துத்தான் நானும் கேட்டேன்: “ஊரான் பொண்டாட்டிக்கு விக்கற துணிய வெயிலுக்குக் கொண்டுபோறீங்க. இத மட்டும் டியூப்லைட்டுக்குக் கீழயே மடிச்சு வைக்கச் சொல்றீங்களே?” அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. மூன்றாம் நாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “எழுதுததுன்னா அவனுக்கு மொதல்ல எழுது. அவன் பேருதான் கையெழுத்துல இருக்கு,” என்றார். ட்ரங்க் கால் போட்டுச் சொல்லலாமா என்றும் கேட்டார். மூன்று நிமிடத்தில் இதை எப்படிச் சொல்வது? நடுவில் நீ போனை வைத்துவிட்டால்?

அப்பா சொன்னது சரி. நானே நோட்டைத் தூக்கிக்கொண்டு உன் பேராசிரியரிடம் போயிருப்பேன். போனால் அவர் மரியாதையாக உட்காரவைத்து, “அந்தப் பையன்மேல் உங்களுக்கு இரக்கம்,” என்று அனுப்பிவிடுவார். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை நீ எழுதித்தான் திரும்ப வாங்க முடியும். அதோடு, என் தப்பு வேறு, உன் தப்பு வேறு என்பதையும் நான் பிரித்து எழுதியாக வேண்டும், அம்மா எல்லாப் பழியையும் எடுத்துக்கொண்டாள் என்று நீ நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. குழாய்களைக் கெடுத்தது நான். பொய் சொன்னது நான். ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற வார்த்தையை நான் எழுதவில்லை. அதை எங்கிருந்து எடுத்தாய்? மூன்று வருடம் பக்கத்தில் நின்றவன், உன்னைவிட ஒரு அளவு முன்னே போய்க்கொண்டிருந்தான் என்பதுதானே? என்னிடம் ஒரு தடவை கேட்டாய். அவனிடம் ஒரு தடவையாவது கேட்டாயா? ஒரே ஒரு குழாயை நீயே கழுவி, நீயே சாற்றை ஊற்றிப் பார்த்திருந்தால் ஒரு காலையில் தெரிந்திருக்கும். ஒரு சொட்டுக்கும் அரைச் சொட்டுக்கும் வித்தியாசம் பார்க்கிறவன் நீ. இதை மட்டும் ஏன் பார்க்கவில்லை? பார்த்தால் சேவியர் குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும் என்று பயந்தாயோ என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் எழுது, சந்தோஷப்படுவேன்.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உன்னைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் கேள்வி கேட்டால், உனக்குப் பிடித்த பதில்தான் வரும். அன்றைக்கு அடுக்களை வாசலில் உன் குரல் கொஞ்சம் தணிந்திருந்தால் நான் ஆமாம் என்றிருப்பேன். இது என் பொய்க்குச் சமாதானம் இல்லை. நாளைக்கு உன் வீட்டு அடுக்களையில் நிற்கப்போகிறவளை இப்படிப் பதில் சொல்ல வைத்துவிடாதே என்பதற்காகச் சொல்கிறேன். ‘உனக்குப் புரியாத இடம்’ என்று யாரைப் பார்த்தும் சொல்லாதே. புரியாத இடத்தில் அல்ல, நன்றாகப் புரிந்த இடத்தில்தான் நான் தவறினேன்.

நீ எழுத வேண்டியது நான்கு வரி. வெள்ளிக்கிழமை அளவுகள் கெட்டதற்குக் காரணம் வீட்டில் புளி போட்டுக் கழுவிய குழாய்கள் என்று எழுது. கழுவியது உன் அம்மா என்று எழுது, மறைக்காதே, எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சேவியருக்கு இதில் ஒன்றும் இல்லை என்றும், வேண்டுமென்றே செய்தான் என்று நீ எழுதியது தப்பு என்றும் எழுது. அதன்பிறகு ஆராய்ச்சி தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும். பெண் வீட்டாரிடம் நான் போய் உட்கார்ந்து என் வாயால் சொல்கிறேன். அதைக் கேட்டு நாள் குறிக்க மாட்டோம் என்றால், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சேவியர் வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. முதலில் உனக்குத் தெரிய வேண்டும், நீயே முந்திக்கொள்ள ஒரு வழி இருக்க வேண்டும் என்று காத்திருக்கிறேன். காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் இரண்டு பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமல்தான் காத்திருக்கிறேன். கமிட்டி கூடும் புதனுக்கு முந்தைய சனிக்கிழமைவரை பார்ப்பேன். அன்றைக்கும் ஒன்றும் வராவிட்டால், நோட்டையும் இரண்டு குழாய்களையும் எடுத்துக்கொண்டு முதலில் சாந்தோமில் அவர்கள் வீட்டுக்கு, பிறகு உன் பேராசிரியர் வீட்டுக்கு. அப்பா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், என்னிடம் இல்லை, மாடிக்காரம்மாவிடம்.

இந்த வியாழக்கிழமை விளக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். புளியைத் தொடக் கை வரவில்லை. விளக்கு மின்னவில்லை, சுடர் எப்போதும்போல நின்றது.

என் நோட்டில் அந்த வியாழக்கிழமைகள் உள்ள நான்கு பக்கங்களையும் பிரதி எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். தேதிகளை உன் நோட்டோடு நீயே சரிபார். பார்த்ததும், எனக்கு ஒன்று, உன் பேராசிரியருக்கு ஒன்று, இரண்டு கடிதமும் ஒரே தபாலில் போடு. சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும். தாமதிக்காமல் பதில் எழுது.

அம்மா